இடது கையில் கட்டிய கயிறு

எங்கள் சங்கரன்கோவிலில் ஒருத்திக்குச் சீக்கு என்று தெரிந்துவிட்டால் யாரும் வெறுங்கையோடு பார்க்க வரமாட்டார்கள். ஆப்பிள் வரும், ரொட்டி வரும், அதற்குப் பின்னாலேயே வைத்தியமும் வரும். ஆப்பிளை வேண்டாம் என்று சொல்லலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வைத்தியத்தை வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள், அத்தோடு அந்த வீட்டுப் பேச்சுவார்த்தை அற்றுப்போகும். "நோவு ஒருத்திக்கு, வைத்தியம் ஊருக்கே தெரியும்" என்று எங்கள் தெருமுனையில் இட்லிக் கடை போட்டிருப்பவர் சொல்லுவார். அவரும் ஒரு நாள் கோதுமைப்புல் சாறோடு வந்து நின்றார் என்பது வேறு கதை.

எனக்கு இடது மார்பில் புற்றுநோய். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் மார்பை எடுத்தார்கள். அக்குளில் நெறி கட்டியிருக்கிறது என்போமே, அந்த முடிச்சுகளையும் எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் என் இடது கையைத் தூக்கிக் காட்டிப் படித்துப் படித்துச் சொன்னார். "இந்தக் கையில இனி ஊசி போட விடாதீங்க. பிரஷர் பாக்க விடாதீங்க. வெயிட் தூக்காதீங்க. வளையல், மோதிரம், எதுவும் இறுக்கமாப் போடக்கூடாது. கை வீங்கிருச்சின்னா லேசுல வடியாது."

நான் ஜாக்கெட் தைக்கிறவள். வலது கையால் தைப்பதாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வலது கை சும்மா துணைக்கு நிற்கும். துணியை ஊசிக்கடியில் நெளிவு பார்த்துத் தள்ளிக் கொடுப்பது இடது கைதான். கழுத்து வளைவில் ஒரு நூல் பிசகினாலும் போட்டுப் பார்க்கிறவள் முகம் சுளிப்பாள். அந்தக் கை வீங்கிப்போனால் எனக்குத் தொழில் போச்சு. அதனால் மார்பு போன துக்கத்தைக்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு பக்கம் வைத்துவிட்டு, கைக்குக் காவல் இருக்க ஆரம்பித்தேன்.

காவல் யாரிடமிருந்து என்றால், என் மதினியிடமிருந்து.

மதினி என்றால் என் வீட்டுக்காரரின் மூத்த அக்காள். தாய் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிறாள். விரல் ஓடுவது கண்ணுக்கே தெரியாது, அத்தனை வேகமாகப் பூக் கட்டுவாள். கட்டின முடிச்சு லேசில் அவிழாது. மாலை வாடி நாராகி, குப்பைக்குப் போன பிறகும் முடிச்சு அப்படியே இருக்கும். பேச்சும் அப்படித்தான். அவள் ஒன்றைச் சொல்லிவிட்டால் அவளாலேயே அதை அவிழ்க்க முடியாது.

நான் வீட்டுக்கு வந்ததும் முதலில் அவள் கொண்டு வந்தது கோவில் புற்றுமண். எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உடம்பில் ஒரு சொறி, ஒரு கட்டி என்றாலும் அந்த மண்ணைக் குழைத்துப் பூசுவோம். நானும் சின்ன வயதிலிருந்து பூசி வளர்ந்தவள்தான். ஆனால் தையல் போட்ட புண் இன்னும் ஆறவில்லை. நர்ஸிடம் போனில் கேட்டேன். "புண்ணு மேல மண்ணு படவே கூடாதும்மா. நெத்தியில வச்சிக்கிடுங்க" என்றார். நெற்றியில் இட்டுக்கொண்டேன்.

மதினிக்கு முகம் கறுத்துவிட்டது. "அம்மன் மண்ணுக்கு நர்சுகிட்ட பர்மிசன் கேக்குதியாக்கும்? அந்த நர்சு பொறக்குறதுக்கு முன்னாடியே இந்த மண்ணு இருக்குட்டி."

"மண்ணு இருந்திச்சி மதினி. என் தையலு இப்பத்தான் போட்டுருக்கு."

அன்றைக்கு ஆரம்பித்தது சண்டை.

அதற்குப் பிறகு வந்ததையெல்லாம் சொன்னால் பொழுது போய்விடும். முள்சீத்தா இலைக் கஷாயம் ஒரு தூக்குவாளி நிறைய வந்தது. யாரோ போனில் அனுப்பிய வீடியோவைக் காட்டி, இனிப்பை நிறுத்தினால் நோய் பட்டினி கிடந்து செத்துப்போகும் என்றாள் ஒருத்தி. கீமோ ஏற்றினால் ஆளே போய்விடும், நிறுத்திவிட்டு எண்ணெய்க் குளியலுக்கு வா என்றாள் இன்னொருத்தி. அவளுக்கு இரண்டு நாள் காய்ச்சல் அடித்தால் குளுக்கோஸ் ஏற்றச் சொல்லி டாக்டரிடம் மல்லுக்கு நிற்பாள். நான் எல்லோரிடமும் ஒரே பதிலைச் சொன்னேன். "எதக் குடிச்சாலும் டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் குடிக்கணுமாம். மருந்தோட மருந்து மோதுமாம்." கஷாயத்தைப் பற்றிக் கேட்டதற்கு டாக்டரம்மா வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார். வாளியைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன். கொடுத்த வீட்டுக்காரி இன்றைக்கும் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போகிறாள். போகட்டும், தெரு அகலமாகத்தான் இருக்கிறது.

கயிறு வந்தது மூன்றாவது கீமோவுக்குப் பிறகு. அன்றைக்கு நான் தலை தூக்க முடியாமல் கிடந்தேன். வாயெல்லாம் தகரம் சப்பினது மாதிரி. தலைமுடி தலையணையில் கிடந்தது. மேலநீலிதநல்லூர்ப் பக்கம் ஒரு சாமியாடியிடம் மந்திரித்து வாங்கிய கறுப்புக் கயிற்றோடு மதினி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அரைத்தூக்கத்தில் யாரோ கையைப் பிடிப்பது தெரிந்தது. கண் விழிப்பதற்குள் முடிச்சு போட்டாயிற்று. இடது மணிக்கட்டில்.

"மதினி, இந்தக் கை ஆகாது. நர்ஸம்மா சொல்லியிருக்காவ. வலது கையில கட்டுங்க."

"வலது கையில கட்ட நீ என்ன ஆம்பளையா? பொம்பளைக்கு இடதுதான். மாத்திக் கட்டுனா மாத்தித்தான் பலிக்கும்."

"அப்ப கழுத்துல போட்டுக்கிடுதேன்."

"கைக்குன்னு மந்திரிச்சத கழுத்துல போடவா? நல்லாக் கேட்டுக்கோட்டி. இத அவுக்கவும் கூடாது, அறுக்கவும் கூடாது. அறுத்தா உனக்கு ஒண்ணும் ஆகாது. என் தம்பிக்குத்தான் ஆகாது. அந்தச் சாமியே சொல்லிட்டாவ."

பாருங்கள் சாமியாடியின் சாமர்த்தியத்தை! எனக்கு ஆகாது என்று சொல்லியிருந்தால் அப்போதே அறுத்திருப்பேன். இதற்கு மேல் எனக்கு என்ன ஆகிவிடப்போகிறது? தாலிக்கு மேல் முடிச்சு போட்டுவிட்டான். என் வீட்டுக்காரர் கதவோரம் நின்று சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காள் பேசும்போது அவருக்கு எப்போதும் காலண்டரில் ஏதோ ஒரு விசேஷம் வந்துவிடும்.

கட்டின அன்றைக்குக் கயிறு லேசாகத்தான் இருந்தது. தண்ணீர் பட்டுப் பட்டு முடிச்சு உள்ளுக்குள் இறுகிக்கொண்டே போனது. கீமோ ஒவ்வொன்றாக முடிந்து, கரண்ட் வைப்பது என்போமே, அந்தக் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு ஆஸ்பத்திரிக்குத் தினமும் போய்வர ஆரம்பித்தபோது, மணிக்கட்டுக்குக் கீழும் மேலும் கை பளபளவென்று ஆகிவிட்டிருந்தது. பார்க்கிறவர்கள், "கொஞ்சம் சதை போட்டிருக்கே, நல்லாயிருக்கே" என்றார்கள். எனக்குத் தெரியும். எத்தனை ஜாக்கெட்டுக்குக் கைச்சுற்று அளந்திருக்கிறேன்! என் பழைய ஜாக்கெட்டைப் போடும்போது வலது கை சும்மா நுழைந்தது. இடது கை முழங்கைக்கு மேல் மாட்டிக்கொண்டது. துணி பொய் சொல்லாது.

ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கும் இடம் ஒன்று இருந்தது. பிசியோதெரபி என்று போர்டு போட்டிருக்கும். அங்கே இருந்த பெண்பிள்ளை என் கையை இஞ்ச் டேப்பால் இடம் இடமாக அளந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உன் டேப்பு நெளியுதம்மா, தோலோட ஒட்டிப் பிடி" என்றேன். அவளும் சிரித்துக்கொண்டே அளந்தாள். கயிற்றுக்குப் பக்கத்தில் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கயிற்றுக்குக் கீழே கையில் வாய்க்கால் வெட்டினது மாதிரி ஒரு பள்ளம்.

"இது எதுக்கும்மா?"

"சாமிக் கயிறு."

"நான் சாமிய ஒண்ணும் சொல்லல. ஆனா கையில ஊறுற நீரு மேல போற வழிய ஏற்கெனவே பாதி எடுத்தாச்சு. மிச்ச வழிய இது அடைக்குது. இன்னைக்கே எடுத்துருங்க. இப்படியே விட்டா மடக்கவே முடியாமப் போயிரும்."

எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். என் பையில் நூல் வெட்டும் சின்னக் கத்தரி எப்போதும் கிடக்கும். கையை உள்ளே விட்டுத் தொட்டுப் பார்த்தேன். எடுக்கத் துணிவு வரவில்லை. நம்பிக்கை இல்லை என்று வாயால் சொல்வது சுலபம். புருஷன் பேரைச் சொல்லிக் கட்டியிருக்கும்போது கத்தரியைத் திறப்பது சுலபமில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தது கடையநல்லூர் அக்கா. அவரும் என்னைப் போலவே மார்பு எடுத்தவர். எனக்கு ஒரு வருஷம் முந்தி. வீட்டுக்காரர் சவூதியில் இருக்கிறார். ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு ஒரு நாள் எங்களை மாதிரிப் பெண்களையெல்லாம் உட்கார வைத்து, மூச்சை இழுத்து விடச் சொல்லுவார்கள், கையை மெதுவாகத் தூக்கச் சொல்லுவார்கள், பிறகு மனம்போலப் பேச விடுவார்கள். அக்கா பேச ஆரம்பித்தால் மற்றவர்களுக்கு மூச்சுப் பயிற்சி தேவையே இல்லை, சிரித்தே மூச்சு வாங்கிவிடும். அங்கே ஒருத்தி, "இந்த மூச்சுல நோவு கரைஞ்சிருமா?" என்று கேட்டபோது, அக்கா சொன்னது எனக்கு மறக்காது. "மருந்து நோவப் பாத்துக்கிடும் புள்ள. இது நம்மளப் பாத்துக்கிடும். ரெண்டையும் போட்டுக் கொழப்பாத."

அவர் என் கையைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்கும் எங்க மாமியா தாயத்து கட்டுனாவ தங்கச்சி. இதே கையிலதான். அவுத்து வலது கையில கட்டிக்கிட்டேன். ஏன்னு கேட்டாவ. துஆ கேக்குற அல்லாவுக்கு எது இடது எது வலதுன்னு தெரியாதான்னேன். வாய மூடிட்டாவ."

"எங்க மதினி வாய மூடமாட்டா அக்கா."

"மூடாட்டிப் போறா. கட்டுனவளையே அவுக்கச் சொல்லு. அவ மாட்டேன்னா பாவம் அவளுக்கு, கை உனக்கு."

அன்று மதியமே பூ மார்க்கெட்டுக்குப் போனேன். வீட்டுக்காரர் பைக்கில் கொண்டுபோய் விட்டார். அந்த நேரத்தில் ஏலம் முடிந்து கூட்டம் கலைந்திருக்கும். கடைக்காரிகள் மட்டும் மீந்த பூவைக் கட்டிக்கொண்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள். மதினி பிச்சிப்பூவைக் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், விரல் நிற்கவில்லை.

"மதினி, கை வீங்கிருச்சி. நீங்க கட்டுன முடிச்சு, உங்களுக்குத்தான் அவுக்கத் தெரியும். அவுத்து வலது கையில கட்டிவிடுங்க. நான் வேண்டாங்கல. எங்க வேணும்னாலும் கட்டிக்கிடுதேன். இந்தக் கை மட்டும் வேண்டாம்."

"முடியாது."

"இது போனா நான் மிசின்ல ஒக்கார முடியாது மதினி."

"மிசினுக்காகக் கயித்த அவுக்கணுமாக்கும்? என் தம்பி உசிரு பெருசா, உன் மிசினு பெருசா?" குரல் ஏறியது. பக்கத்துக் கடைக்காரிகள் பூவைக் கீழே வைத்துவிட்டார்கள். "இங்கன பாருங்கட்டி இவள. மார அறுத்தாச்சு. மயிரு போயாச்சு. இனி புருசனுக்குக் கட்டுன கயித்தையும் அறுக்கணுமாம். அறுத்து அறுத்தே பழகிப்போச்சு இவளுக்கு."

நோய் வந்த நாளிலிருந்து நான் எத்தனையோ பேச்சுக் கேட்டிருக்கிறேன். இதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. பையைத் திறந்து கத்தரியை எடுத்தேன். எடுத்துவிட்டேனே தவிர, எப்படி வெட்டுவது? கயிறு தோலோடு புதைந்து கிடக்கிறது. கத்தரி நுனி தோலில் பட்டு ஒரு கீறல் விழுந்தால் அதுவே அந்தக் கைக்கு ஆபத்து.

அப்போதுதான் வீட்டுக்காரர் பைக்கை ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்தார். என் கையைப் பிடித்து, தன் சுண்டு விரலைக் கயிற்றுக்கும் என் தோலுக்கும் நடுவில் நுழைக்கப் பார்த்தார். இடமே இல்லை. மெதுவாகத் திருகித் திருகி உள்ளே விட்டார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. விரல் உள்ளே போனதும் அவர் விரல் மேல்தான் கயிறு ஏறி நின்றது.

"வெட்டு" என்றார்.

"ஏலே, வேண்டாம்லே!" என்று மதினி எழுந்துவிட்டாள். மடியில் இருந்த பூவெல்லாம் தரையில் கொட்டியது. "உனக்குத்தாம்லே ஆகாது!"

"எனக்கு வாரது எனக்கு வரட்டும்க்கா. நீ சும்மா இரி." அக்காளைச் சும்மா இருக்கச் சொல்லி அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என்னைப் பார்த்து, "என் வெரலுதான் இருக்கு, பயப்படாம வெட்டு" என்றார்.

வெட்டினேன். அவர் விரலில் சின்னக் கீறல் விழுந்தது. என் தோலில் படவில்லை. அறுந்த கயிற்றை எடுத்து மதினியின் தராசுத் தட்டில் போட்டுவிட்டு வந்துவிட்டோம்.

அதற்கப்புறம் மதினி எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. ஆனால் காது மட்டும் இங்கேதான் இருந்தது. இவர் தும்மினால் பூ மார்க்கெட்டுக்குக் கேட்கும். பைக் பஞ்சர் ஆனது கயிற்றால். கடைக்குப் போகும்போது மழை வந்தது கயிற்றால். கரிவலம்வந்தநல்லூரில் ஒரு கல்யாண வீட்டில் என்னை வைத்துக்கொண்டே, "புருசன் உசிரக் கத்தரிச்சவ வந்திருக்கா, தள்ளி ஒக்காருங்க" என்று பந்தியில் சொன்னாள். நான் நகரவில்லை. "ஆமா, அந்தப் புருசன்தான் அங்கன ரெண்டாவது வரிசையில பாயாசம் கேட்டுக்கிட்டு இருக்காவ. உசிரு போனவுகளுக்கு இவ்வளவு பசியா?" என்றேன். இலையில் பரிமாறிக்கொண்டிருந்தவர் சிரிப்பை அடக்க முடியாமல் சாம்பாரைப் பக்கத்து இலையில் ஊற்றிவிட்டார். மதினி சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அப்படி ஒரு வெறுப்பு இருந்தது எங்கள் இருவருக்கும் நடுவில். இப்போதும் குறைந்துவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன்.

கை உடனே வடியவில்லை. பிசியோதெரபிப் பெண்பிள்ளை சொன்னபடி கையைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொள்வேன். விரலைச் சுவரில் எறும்பு ஏறுவது மாதிரி ஏற்றி இறக்குவேன். தோலை மட்டும் தொட்டுத் தொட்டு மேல்நோக்கித் தடவுவதற்கு அவள் சொல்லிக்கொடுத்தாள். அழுத்தித் தேய்த்தால்தான் மசாஜ் என்று நினைத்திருந்தேன். "பட்டுத் துணியில சுருக்கம் எடுக்குற மாதிரி செய்யுங்க" என்றாள். அப்படிச் சொன்னதும் என் வலது கைக்குப் புரிந்துவிட்டது. பிறகு அளவெடுத்து, மணிக்கட்டிலிருந்து தோள்வரைக்கும் ஓர் அழுத்த உறை கொடுத்தார்கள். பகலெல்லாம் அதைப் போட்டிருப்பேன். மெல்ல மெல்லக் கை வடிந்தது. வலது கை அளவுக்கு வரவில்லை. வராது என்றும் சொல்லிவிட்டார்கள். ஆனால் விரல் மடங்குகிறது. மிசினில் உட்கார்ந்துவிட்டேன். முன்னே மாதிரி நாள் முழுக்க இல்லை. கொஞ்சம் தைப்பேன், எழுந்து சுவரில் எறும்பு விடுவேன், மறுபடி தைப்பேன்.

இந்த வருஷம் எங்கள் கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தின வாரம் மதினி என் தையல் கடை வாசலில் வந்து நின்றாள். ஊரில் எத்தனையோ பேர் தைக்கிறார்கள். யார் தைத்தாலும் அவளுக்குத் தோள் இறங்கும். அவள் தோள் அப்படி, பூக்கூடை சுமந்து ஒரு பக்கம் சரிந்தது. அதற்குத் தைக்க எனக்குத்தான் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். வா என்று நான் சொல்லவில்லை. ஜாக்கெட் துணியை மிசின் மேல் போட்டாள். டேப்பை எடுத்தேன். அளவெடுக்கும்போது அவள் கண் என் கையிலிருந்த உறை மேலேயே இருந்தது.

"இது என்னது?"

"கைக்குப் போடுற உறை."

"இறுக்கமாத்தான இருக்கு?" வாயைக் கோணினாள். "ஒரு முழக் கயிறு இறுக்குதுன்னு நடுச்சந்தையில என்னைய அவமானப்படுத்துன. இப்ப கை பூரா இறுக்கி மாட்டிட்டு அலையுதே. இதுக்கு மட்டும் நீரு அடைக்காதோ?"

கேள்வி நியாயமானதுதான், எதிரி கேட்டாலும். "ஒரே எடத்துல முடிச்சு போட்டா அங்கனயே அடைச்சிரும் மதினி. இது அளவெடுத்துத் தச்சது. கீழ கொஞ்சம் கூடப் பிடிக்கும், மேல போகப் போகக் கம்மியாப் பிடிக்கும். நீரு தன்னால மேல ஏறிரும். அளவெடுக்காம மாட்டுனா இதுவும் கெடுதிதான்."

"ம்" என்றாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

தபசுக்கு முதல் நாள் ஜாக்கெட்டை வாங்க வந்தாள். தடுப்புக்குப் பின்னால் போய்ப் போட்டுப் பார்த்தாள். தோள் இறங்கவில்லை. கையைத் தூக்கினாள், மடக்கினாள், எங்கேயாவது குற்றம் கிடைக்காதா என்று தேடினாள்.

"கை இறுக்குது" என்றாள்.

நான் மிசினை விட்டு எழுந்தேன். என் இடது கையால் அவள் ஜாக்கெட் கையின் விளிம்பைப் பிடித்தேன். சுண்டு விரலை உள்ளே விட்டேன். வழுக்கிக்கொண்டு போனது. விரலை உள்ளேயே வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தேன்.

"வெரலு போகுதுல்லா மதினி? வெரலு போனா அது இறுக்கம் இல்ல. போகலன்னாத்தான் வெட்டணும்."

அவள் தன் தம்பியின் விரலை நினைத்தாளோ என்னவோ. என் விரலையே ஒரு கணம் பார்த்தாள். கையை உதறிக்கொண்டாள்.

"எல்லாத்துக்கும் அளவு வச்சிருக்கே. உன் வாய்க்கு மட்டும் அளவே கெடையாது."

"அதுக்கு டேப்பு பத்தல" என்றேன்.

போயிட்டு வாரேன் என்று சொல்லாமல், புது ஜாக்கெட்டைக் கழற்றாமலேயே வாசல் இறங்கிப் போனாள். நான் உறையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, அடுத்தவள் துணியை ஊசிக்கடியில் வைத்தேன். கழுத்து வளைவு. இடது கை மெதுவாகத் தள்ளிக் கொடுத்தது.